அடுப்பெண்ணியும் என் மாட்டுக்கொட்டகை மனுவும்

மோப்பம் பிடிப்பதற்கென்று சர்க்கார் ஓர் உத்தியோகம் வைத்து ஆள் தேடினால், இந்தப் பூலோகத்தில் அடுப்பெண்ணியைத் தவிர வேறு யாரும் அதற்குத் தேறமாட்டார்கள். கீழத்தெருவில் ஒருத்தி கடுகு தாளித்தால் மேலத்தெருவில் நிற்கிற அவருக்கு மூக்கு விடைக்கும். "புது அடுப்பு" என்று சொல்லிவிட்டுக் கிழக்கே பார்த்து நடக்க ஆரம்பிப்பார். போய்ப் பார்த்தால் அங்கே புது அடுப்பு இருக்கும்.

எங்கள் ஊருக்கு முனிசிபாலிடி வந்த புதிது. வீடு கட்ட வேண்டுமானால் மனுப் போட வேண்டும், பிளான் வைக்க வேண்டும், ஓவர்சியர் வந்து அளக்க வேண்டும் என்று திடீரென்று ஏகப்பட்ட வேண்டும்கள் முளைத்திருந்தன. அந்த ஓவர்சியராக மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியவர்தான் அடுப்பெண்ணி. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஒல்லி உடம்பு, கறுப்புக் கோட்டு, ஒரு கையில் டேப்பு, மறு கையில் பித்தளைக் கூஜா. கூஜா எதற்கென்றால், அவர் யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். "கையை நனைச்சா கை கட்டுப்பட்டுரும்" என்பார். அப்புறம் எதற்கெடுத்தாலும் ஒரு பல்லவி: "சட்டம் சொல்லுது. நான் சொல்லலை."

பெயர் வந்த கதை இது. ஒரு வீடா இரண்டு வீடா என்று சந்தேகம் வந்தால் அடுப்பை எண்ணு, ஓர் அடுப்புக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு கதவிலக்கம் என்பது அவர் கொண்டுவந்த கணக்கு. மதுரைக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இங்கே செட்டியார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் அதே வீட்டுக்குள் தனி அடுப்புப் போட்டு அவனை 'வேறு வைத்துவிடுவது' வழக்கம். ஒரே வாசல், வளவு என்கிற ஒரே உள்முற்றம், ஆனால் உலை தனித்தனி. இது தெரியாமல் மனுஷன் ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் போய் எண்ணியிருக்கிறார். ஏழு மகன்களுக்கு ஏழு அடுப்பு, ஆச்சிக்கு ஒன்று. மறுநாள் எட்டுத் தகரத் தகடுகளோடு வந்து அறைக்கதவுகளில் வரிசையாக அடித்துவிட்டார்.

ஆச்சி உள்ளேயிருந்து வந்து தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம்.

"ஏனய்யா, எம்புட்டு வீடு இது?"

"எட்டு வீடு ஆச்சி."

"அப்ப நான் எம்மகன் அறைக்குப் போகணும்னா வெளியூர் போன மாதிரியா?"

"சட்டம் சொல்லுது ஆச்சி. நான் சொல்லலை."

தபால்காரர் மூன்று நாள் வளவுக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து இலக்கம் பார்த்துக் கடிதாசி கொடுத்தார். நான்காம் நாள் மேலிடத்து உத்தரவு வந்து ஏழு தகடுகள் கழன்றன. பெயர் மட்டும் கழலவில்லை.

அதற்கடுத்து அவர் தட்டார் ஒருவரிடம் மாட்டினார். அந்தப் பொற்கொல்லர் முன்கூடத்தில் கரிக் குமுட்டி வைத்து நகை ஊதிக்கொண்டிருக்க, நம் ஆள் உள்ளே எட்டிப் பார்த்து, "இதுல பொங்குவீகளா?" என்று கேட்டார்.

"தங்கத்தைத்தான் பொங்குறேன். ஒரு வாய் சாப்பிடுறீகளா?"

"நெருப்பு இருக்கு. அப்ப அடுப்பு. அடுப்பு இருந்தா வீடு."

தட்டார் எழுந்தார். குமுட்டியைக் குறட்டால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, தெருவில் நின்ற அடுப்பெண்ணியின் காலடியில் வைத்தார். "இதுதான் வீடுன்னா, இந்தா வீட்டையே தூக்கியாந்துட்டேன். இலக்கத்தை அடிங்க." கூடி நின்ற சனம் சிரித்தது. அடுப்பெண்ணி சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, 'குமுட்டி. தூக்கக்கூடியது. ஆகவே வீட்டில் சேராது' என்று நிதானமாக எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அதிகமாகச் சிரித்தவன் நான்தான். அந்த ஒரு வரி பின்னால் என் மானத்தைக் காப்பாற்றப் போகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்!

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் மனு எழுதுகிறவன். ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்து, கோட்டையூர் முதல் ஒக்கூர் வரைக்கும் உள்ள சனங்களின் குறைகளையெல்லாம் 'சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து 'தாழ்மையுள்ள' என்று முடித்துக் கொடுத்தவன். என் மனு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அடிக்கடி சொன்னதில் எனக்கும் அது நிஜமென்று பட்டுவிட்டது.

அப்படிப்பட்ட காலத்தில் என் அக்கா ஒக்கூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு வெண்கலப் பானையோடும் வந்து சேர்ந்தாள். அத்தான் இறந்து பத்து வருஷம் அவருடைய தம்பிமார் வீட்டில் இருந்தவள். அங்கே அவளுக்கு வேலை உண்டு, அடுப்பங்கரையில் அதிகாரம் இல்லை. யாராவது கரண்டியை எடுக்கிற வரைக்கும் காத்திருந்து, போட்டதைச் சாப்பிட்டாள். என் வீட்டில் என் மனைவி தங்கமானவள். "நீங்க உக்காருங்க மதினி" என்று நாற்பது தடவை சொல்லி, அக்காவைக் கரண்டியைத் தொடவிடவில்லை. இருபது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா தம்பி, அங்க அவுக கரண்டியப் பாத்துக்கிட்டு உக்காந்துருந்தேன். இங்க ஒம்பொண்டாட்டி கரண்டியப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கேன். அவ நல்லவதான். ஆனா என் உலைய நான் வைக்கணும்டா. கொல்லையில ஒரு அறை போட்டு ஒரு அடுப்பு வச்சுக் குடு. இல்லைன்னா நான் ஒக்கூருக்கே போறேன். அங்கயாச்சும் கோவிச்சுக்கிறதுக்கு ஆள் இருக்கு."

"இம்புட்டுத்தானா? ஒரு மனு எழுதுற வேலை!" என்றேன் நான், மேல்துண்டை உதறிக்கொண்டு.

எழுதினேன். ஆறே நாளில் திரும்பி வந்தது. ஒரு வீட்டின் கொல்லையில் இன்னொரு குடியிருப்புக் கட்டுவதானால் தெருவிலிருந்து அதற்குத் தனி வழி ஐந்தடி அகலத்தில் இருக்க வேண்டுமாம். என் வீட்டுப் பக்கத்துச் சந்து நாலே முக்கால். நேரே போய் அடுப்பெண்ணியைப் பிடித்தேன்.

"ஐயா, என்னையே பாருங்க. நானே அந்தச் சந்துல நேரா நடந்து போறேன். எனக்குப் பத்துன சந்து வேற யாருக்குப் பத்தாது?"

அவர் என் வயிற்றை மேலும் கீழும் பார்த்தார். கை டேப்புப் பக்கம் போனது. நான் நாலடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"தீப்பிடிச்சா தண்ணி வண்டி போகணும். சட்டம் சொல்லுது. நான் சொல்லலை."

"மாட்டுக்கொட்டகைன்னா?"

"மாட்டுக்கு நாலடி போதும்."

போதுமே! என் மூளை அன்றைக்கு வேலை செய்த வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பழைய மனுவை எடுத்து வைத்துக்கொண்டு, 'வீடு' என்று இருந்த இடத்திலெல்லாம் 'மாட்டுக்கொட்டகை' என்று போட்டு, புதுத்தாளில் முத்து முத்தாக நகல் எடுத்தேன். கொட்டகை என்று அனுமதி வாங்கிவிட்டு உள்ளே அடுப்பைப் போட்டுவிடலாம் என்பது திட்டம். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. எனக்கு மாடு கிடையாது என்பது ஒரு சிறு குறை. அளக்க வருகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பால்காரரின் செவலைப் பசுவை ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டு வாங்கிக் கொல்லையில் கட்டினேன்.

அடுப்பெண்ணி வந்தார். பசுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனுவைப் பிரித்தார். கிணற்றடியில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுதான் மாடா?"

"இதேதான்."

"என்ன வயசு?"

"அஞ்சு. ரெண்டாம் ஈத்து."

"மனுவுல நாப்பத்தாறுன்னு இருக்கே?"

எல்லா இடத்திலும் சொல்லை மாற்றியவன், 'குடியிருப்பவர் விவரம்' என்ற பத்தியை நீக்காமல் நகல் எடுத்துத் தொலைத்திருந்தேன். அவர் ஒரு சொல்லுக்கும் முகம் மாறாமல், கச்சேரியில் சாட்சியம் வாசிக்கிறவர் போல வாசித்தார்.

"'மேற்படி மாட்டுக்கொட்டகையில் இருக்கப்போவது என் மூத்த சகோதரி. வயது நாற்பத்தாறு. ஒக்கூரிலிருந்து வந்து சேர்ந்தது. நல்ல திடகாத்திரம். சாது. தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்ளும்.'" தாளை இறக்கினார். "பசு நல்லாச் சமைக்குமா?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் பால்காரர், "ம்மே, வா, வா" என்று குரல் கொடுத்தார். பசு தலையைத் தூக்கியது, நான் அடித்த முளையை ஒரு இழுப்பில் பிடுங்கியது, அந்த நாலே முக்கால் அடிச் சந்து வழியாகத் தன் வீட்டைப் பார்க்கப் போய்விட்டது. சந்து அதற்குத் தாராளமாகவே இருந்தது.

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன். அக்கா கையைக் கழுவிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அய்யா, எந்தம்பி பொய் சொல்லிட்டான். மாடு எங்களுது இல்லை. அந்த மனுவுல எழுதியிருக்கிற மாடு நாந்தான்."

அடுப்பெண்ணி மனுவை மடித்தார்.

"எனக்கு வீடு வேணாம்யா. படுக்க இந்தத் தம்பி வீட்டுல எடம் கெடக்கு. ஒரு அடுப்பு வேணும். பத்து வருசமா நான் உப்பு பாத்து ஒரு கொழம்பு வச்சதில்லை. அம்புட்டுத்தான். உங்க சட்டத்துல எடம் இல்லைன்னா சொல்லிருங்க, நாளைக்கு வண்டிக்கு ஒக்கூரு போயிர்றேன்."

நான் மனுக்களில் 'கண்ணீருடன்' என்று ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். அன்றைக்குத்தான் அந்தச் சொல் எனக்கு விளங்கியது. அக்கா அழவில்லை, நான்தான் அழுதேன்.

அடுப்பெண்ணி நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தாயி, அடுப்பத் தூக்குவீகளா?"

"மண்ணுல போட்ட அடுப்ப எப்படிய்யா தூக்குறது?"

"மண்ணுல போடாதீக. இரும்புக் குமுட்டி வாங்கிக்கங்க. தூக்கக்கூடியது வீட்டுல சேராது. விறகுக் கொட்டகைன்னு மனு குடுங்க. அதுக்குச் சந்தே வேணாம். மாசம் ஒரு தடவை நான் வந்து பாப்பேன், தூக்கிக் காட்டணும். சட்டம் சொல்லுது. நான் சொல்லலை." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களா எதையும் எழுத வேணாம். நான் சொல்றேன், அத மட்டும் எழுதுங்க."

எழுதினேன், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு எழுதியது மாதிரி. இரண்டு இடத்தில் பிழை திருத்தினார்.

கொட்டகை எழும்பியது. அக்கா குமுட்டியில் உலை வைத்தாள். முதல் நாள் குழம்பில் உப்பு கூடுதல். நாங்கள் யாரும் சொல்லவில்லை. மாதம் முதல் தேதி தவறாமல் கறுப்புக் கோட்டு சந்தில் வரும். "தூக்குங்க தாயி." அக்கா ஈரத்துணியால் பிடித்து அடுப்பை இரண்டு விரற்கடை தூக்குவாள். "சரி." நோட்டில் ஒரு கோடு. போய்விடுவார். ஒருநாள் அக்கா கேட்டுவிட்டாள்:

"ஊரு அடுப்பெல்லாம் எண்ணுறீகளே, உங்க அடுப்பு எங்கய்யா இருக்கு?"

"எனக்கு அடுப்பு கிடையாது தாயி. கடையில சாப்பாடு, ஞாயித்துக்கெழமை கோவிலூர் மடத்துல. கணக்குப்படி பாத்தா நான் எங்கயும் குடியிருக்கலை."

அவர் அதை வேடிக்கையாகச் சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா ஒரு செம்பு நீர்மோரை நீட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கூஜாவைத் திறந்து குடித்தார்.

இரண்டு வருஷம் இப்படி நடந்தது. ஒருநாள், முதல் தேதியுமில்லை, நடுமாதத்தில் வந்தார். கோட்டு இல்லை, டேப்பு இல்லை, கூஜாவும் இல்லை. வெறுங்கையோடு அவரைப் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. அக்கா அவசரமாக ஈரத்துணியை எடுத்தாள்.

"தூக்க வேணாம் தாயி. எனக்கு வேற ஊருக்கு மாத்தலாயிருச்சு. காலையிலயே பொறுப்ப ஒப்படைச்சுட்டேன். இப்ப நான் ஓவர்சியர் இல்லை." கொஞ்சம் தயங்கினார். "அடுப்புல என்ன?"

"கேப்பைக் கூழுய்யா."

விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தார். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "உப்பு அளவா இருக்கு தாயி. சட்டம் சொல்லலை. நான் சொல்றேன்."

அவருக்கு அடுத்து வந்த ஓவர்சியர் கொல்லைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. "இனி மண்ணுலயே நல்ல அடுப்பாப் போட்டுத் தர்றேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அக்கா கேட்பதாக இல்லை. மாதம் முதல் தேதி காலையில் ஈரத்துணியால் பிடித்து, அடுப்பை இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டு சந்துப் பக்கம் பார்த்து நிற்கிறாள். யாரும் வருவதில்லை. கை சுடுமே என்று நான் ஓடிப்போய், "சரி" என்கிறேன்.