ஏப்ரல் பதினைந்தின் வலது பக்கம்

ஏப்ரல் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். குன்றாண்டார்கோவிலில் அந்த நேரத்துக்கே வெயில் சமையலறை வரை வந்துவிட்டது. காற்று இல்லை. வாசல் வேம்பில் ஓர் இலைகூட அசையவில்லை. மேசை மீதிருந்த என் கைப்பேசி மட்டும் அசைந்தது.

மணமேல்குடியிலிருந்து என் மைத்துனன் நாகராசு. என் மனைவி செல்வராணியின் தம்பி. சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டுகள் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன், இப்போது ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தான். ஏப்ரல் பதினைந்தாம் தேதி காலையில் அதை முதன்முதலாகக் கடலில் இறக்கப் போகிறானாம். வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையான நான் வந்து முதல் மரியாதையை ஏற்றுக்கொள்ள வேண்டுமாம்.

படகு என்ற சொல்லைக் கேட்டதும் என் கால் விரல்கள் செருப்பைத் தேடின.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்குத் தண்ணீர் என்றால் பயம். குளத்தில் முழங்கால் நனைந்ததும் குளியலை முடித்துக்கொள்வேன். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போவதற்குள் பேருந்திலேயே எனக்குத் தலை சுற்றும். அந்தச் சாலையில் வளைவுகள்கூட அதிகம் கிடையாது. மரியாதை என்று அழைத்துப் போய் என்னைப் படகில் ஏற்றிவிட்டால் என்ன செய்வது? ஊர் கூடி நிற்கும் கரையில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் அடைக்கலம் அலறுவதை நான் விரும்பவில்லை. இந்தப் பயம் உலகத்தில் என் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்றும் நம்பியிருந்தேன். திருமணமாகி முப்பத்திரண்டு ஆண்டுகள் பத்து மாதங்கள் ஆன ஒருவன் அப்படி நம்பியது தவறுதான்.

அன்றே தீர்மானித்தேன். போகக் கூடாது. ஆனால், பயந்து போகாமலிருப்பது போல் இருக்கக் கூடாது. அறிவின் காரணமாகப் போகாமலிருக்க வேண்டும்.

அதற்கு என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. பணியிலிருந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் பள்ளி அறிவிப்புப் பலகையில் தினமும் ‘வரலாற்றில் இன்று’ எழுதியவன் நான். அதற்காகத் தலையணைப் பருமனில் ஒரு நோட்டைப் பைண்டு செய்து வைத்திருந்தேன். ஆண்டின் ஒவ்வொரு தேதிக்கும் எதிரெதிராக இரண்டு பக்கங்கள். இடது பக்கத்தில் அன்று பிறந்த பெரியோர். வலது பக்கத்தில் அன்று நிகழ்ந்த போர், விபத்து, இறப்பு. ஓய்வு பெற்றபோது பள்ளியில் எனக்கு அணிவித்த சால்வையை அந்த நோட்டின் மீதுதான் போர்த்தி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் பதினைந்தைப் புரட்டினேன். வரலாறு என்னைக் கைவிடவில்லை.

“மாப்ளே, தேதியை மாத்து,” என்றேன் நாகராசிடம். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, ஏப்ரல் பதினஞ்சு. டைட்டானிக் மூழ்கின நாள்.”



“அது எங்கிட்டு மச்சான் மூழ்குச்சு?”

“அட்லாண்டிக்ல.”

“நம்ம படகு அங்கிட்டெல்லாம் போகாது மச்சான். கரையில இருந்து பாத்தா தெரியுற தூரந்தான்.”

நான் விடவில்லை. ஆபிரகாம் லிங்கன் உயிர் நீத்ததும் அதே ஏப்ரல் பதினைந்து என்றேன். பாரிஸ் நகரத்துப் பழம்பெரும் தேவாலயம் தீப்பற்றியதும் அதே தேதி என்றேன். நாகராசு எல்லாவற்றுக்கும் மரியாதையாக வருத்தம் தெரிவித்தான். பிறகு தன் காரணத்தைச் சொன்னான். அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. விசைப்படகுகளையெல்லாம் கட்டிப்போட்டுவிடுவார்கள். சிறிய படகுகள் மட்டுமே போகலாம் என்பதால் அவற்றில் வரும் மீனுக்கு அன்றிலிருந்து தனி மதிப்பு. ஆகவே தேதியை மாற்ற முடியாது. இதை அட்லாண்டிக்கால்கூட அசைக்க முடியவில்லை.

கைப்பேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். செல்வராணி இடியாப்ப மாவோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“அந்தத் தேதி ஆகாதாங்க?” என்று கேட்டாள்.

“வரலாற்றுப்படி ஆகாது.”

“அப்ப எது ஆகும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. தம்பிகிட்ட நான் பேசுறேன்.”

இவ்வளவு எளிதில் வெற்றி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உற்சாகமாகப் பக்கங்களைப் புரட்டினேன். ஏப்ரல் பதினெட்டு: சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கம். ஏப்ரல் இருபத்தாறு: செர்னோபில் அணு உலை. மே ஆறு: ஆகாயத்தில் எரிந்த ஹிண்டன்பர்க். மே ஏழு: லூசிடானியா. மறுபடியும் கப்பல். முப்பது பக்கம் புரட்டியும் விபத்தில்லாத ஒரு நாள் அகப்படவில்லை. மனித குலத்தின் மீதே எனக்கு வருத்தம் உண்டாயிற்று. ஆனால் என் வழக்குக்கு அது நல்லதுதான். ஆண்டு முழுவதுமே படகு இறக்க உகந்ததல்ல என்று தீர்ப்பு வழங்கினேன்.

“ஒரு நாள் கூடவா நல்ல நாள் இல்ல?” என்றவள் கையைத் துடைத்துக்கொண்டு, “குடுங்க, நான் ஒரு தடவ பாக்குறேன்,” என்று நோட்டை வாங்கிக்கொண்டாள்.

கொடுத்தேன். என் வாழ்க்கையின் பிழைகளை ஒரு நோட்டில் எழுதினால், அந்தக் கொடுத்தல் முதல் வரியில் வரும்.

அவள் ஏப்ரலைப் பார்க்கவில்லை. மே மாதத்தையும் பார்க்கவில்லை. நேராக ஜூன் ஆறுக்குப் போனாள். அது எங்கள் திருமண நாள்.

இடது பக்கத்தில் புஷ்கின் இருந்தார், தாமஸ் மன் இருந்தார், சுனில் தத் இருந்தார். செல்வராணி இல்லை. அவள் விரல் வலது பக்கத்துக்கு நகர்ந்தது. 1944: நார்மண்டியில் படைகள் தரையிறங்கின. 1981: பீகாரில் ரயில் ஆற்றில் விழுந்தது. அதற்கு அடுத்த வரி, என் அழகான கையெழுத்தில், பச்சை மையில்: 1993: எனக்குத் திருமணம்.



நான் விளக்கினேன். இடது பக்கம் பிறந்தவர்களுக்கு மட்டுமே உரியது என்றேன். திருமணம் என்பது பிறப்பல்ல. பிறப்பு அல்லாதவை அனைத்தும் வலது பக்கத்தில் அடங்கும். இது வகைப்பாட்டின் விதியே தவிர மனத்தின் கருத்து அல்ல என்றேன். பேசப் பேச, என் மாணவர்கள் விடைத்தாளில் எழுதும் பதில் போலவே அது நீண்டுகொண்டு போயிற்று. அந்தப் பதில்களுக்கு நான் எவ்வளவு மதிப்பெண் போட்டேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

“எடம் இல்லாமத்தான எழுதுனீங்க,” என்றாள் அமைதியாக.

“அதேதான். இடமில்லை.”

“சரி. விடுங்க.” நோட்டை மூடி, சால்வையைச் சீராகப் போர்த்தினாள். பிறகுதான் சொன்னாள். “முதல் மரியாதைன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல? மூத்த மாப்பிள்ளை படகுல ஏறி, கடல்ல ஒரு சுத்து வந்து எறங்கணும். எங்க ஊரு பழக்கம். நீங்க ஏறலன்னா தம்பி படகையே எறக்க மாட்டான்.”

அந்த நிலையில் எந்தக் கணவன் மாட்டேன் என்று சொல்வான்? என் எல்லா விபத்துகளும் தீர்ந்துவிட்டிருந்தன. சரி என்றேன். அவள் உள்ளே போய்த் தம்பியிடம் கைப்பேசியில் நெடுநேரம் பேசினாள். இடையில் ஒருமுறை மட்டும் வெளியே எட்டிப் பார்த்து, ஏப்ரல் பதினைந்தின் இடது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். லியோனார்டோ டாவின்சி, கணித மேதை ஆய்லர் என்று பெருமையோடு சொன்னேன். மன்னிப்பின் அறிகுறி என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

பதினைந்தாம் தேதி காலை ஆறு மணிக்கு மணமேல்குடிக் கரையில் போய் இறங்கினோம். அங்கே என்னை வரவேற்றது பத்தடி உயர ஃப்ளெக்ஸ். இடது புறம் டாவின்சி, வலது புறம் நான். ‘மாமேதை பிறந்த பொன்னாளில் முதல் பயணம் செல்லும் எங்கள் மாமேதையே, வருக’ என்று எழுதியிருந்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர், அந்தத் தாடிக்காரர் வாத்தியாருக்கு அப்பாவா என்று நாகராசின் மனைவி ரஞ்சிதாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். சாடை இருக்கிறதென்றும் சொன்னார். அத்தனை பேருக்கு நடுவில் தப்பியோட என் படமே வழி விடாது.

மாலை போட்டார்கள். தேங்காய் உடைத்தேன். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டினார்கள். இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். டாவின்சியைப் பற்றி நான்கு வாக்கியம் பேசத் தயாரித்து வந்திருந்தேன். “டாவின்சி அவர்கள்” என்றதும் இன்ஜின் கிளம்பிவிட்டது. எழுவாய் கரையில் நின்றது. பயனிலை கடலுக்குப் போய்விட்டது.

அலை இல்லை என்றார்கள். இருந்தது. நான் பார்த்தேன். படகின் விளிம்பைப் பிடித்த கை என்னுடையதா என்று சந்தேகம் வருமளவுக்கு மரத்துப்போயிற்று. ஒரு சுற்று முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த பாண்டிய மன்னர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். பாதியிலேயே வரிசை குழம்பியது. காலையில் குடித்த காப்பி வங்காள விரிகுடாவில் கலந்தது.

“போதும் மாப்ளே. கரைக்கு விடு.”

“சும்மா இருங்க மச்சான். ஒங்க ஆசை எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தான் நாகராசு.

கரையில் செல்வராணி கையை உயர்த்தி ஆட்டினாள். நாகராசு படகைத் திருப்பினான், கடலை நோக்கி. மறுபடி நெருங்கியபோது மறுபடியும் ஆட்டினாள். மொத்தம் மூன்று சுற்று. இறங்கியபோது என்னைத் தாங்கிப் பிடித்தவர்கள், ஆனந்தத்தில் வாத்தியாருக்குப் பேச்சே வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மாலையில் மோர் குடித்து, தரை ஆடுவது ஓரளவு நின்ற பிறகு, நாகராசிடம் கேட்டேன். இந்தப் பழக்கம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது? என் மாமனார் காலத்து மாப்பிள்ளைகளெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்?

“எந்தப் பழக்கம் மச்சான்?”

“மூத்த மாப்பிள்ளை படகுல ஏறிச் சுத்துறது.”

“அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லையே. கரையில நின்னு தேங்கா ஒடைச்சாப் போதும். நீங்கதான் ஏறியே தீருவேன்னு அடம் பிடிக்கிறதா அக்கா போன்ல சொல்லுச்சு. நடுவுல கூச்சப்பட்டுப் போதும்பாரு, கேக்காதன்னுச்சு. கரையில இருந்து தான் கையை ஆட்டுனா இன்னொரு சுத்து விடுன்னும் அக்காதான் சொல்லுச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏன் மச்சான், ஒங்களுக்குப் பிடிக்கலையா?” என்றான்.

பிடித்தது என்றேன். வேறு என்ன சொல்ல?

செல்வராணி பின்கட்டில் மாலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன் போய் நின்றேன். குற்றச்சாட்டை ஒழுங்காக, மூன்று பகுதிகளாகப் பிரித்து எடுத்துரைத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“முப்பத்தி மூணு வருசம் ஆகப்போவுது,” என்றாள். “இத்தன நாளும் நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்னே தெரியாம இருந்தேன். நீங்க மூணு சுத்துதான சுத்துனீங்க.”

அதற்கு மறுப்பை மனத்துக்குள் நோட்டைப் புரட்டித் தேடினேன். இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நாகராசு வலையை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனான். செல்வராணி முந்தானையைச் செருகிக்கொண்டு, யார் கையும் பிடிக்காமல் அதில் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தாள். சிறுவயதில் அப்பாவோடு போயிருக்கிறாளாம். நண்டு கிடைக்குமா பார்த்துவிட்டு வருகிறாளாம். ரஞ்சிதா அம்மியில் மிளகு அரைக்க உட்கார்ந்தாள். என்னிடம் அரைக் கிலோ சின்ன வெங்காயத்தைக் கொடுத்திருந்தார்கள். ஏழரை மணிக்குப் படகு திரும்பியபோது உரித்து முடித்திருந்தேன். நிமிர்ந்து, பாத்திரத்தை அவளிடம் பெருமையோடு நீட்டினேன்.

செல்வராணி அதைப் பார்த்துவிட்டு, “பூண்டு?” என்றாள்.

உட்கார்ந்து உரித்தேன்.