ஏரியில் அன்னம் விட்ட குமாஸ்தா

ஓர் ஊரைப் பற்றி எழுத அந்த ஊருக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை என்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கையோடுதான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. தலையில் முண்டாசு, உள்ளே ஏராளமான இடம்.

ஆம்பூருக்குக் கிழக்கே ஓர் ஏரி. அதைச் சுற்றி ஏழு கிராமங்கள் சேர்ந்தது ஒரு பிர்க்கா. மழைக்காலம் முடிந்ததும் கலெக்டர் துரை அங்கே முகாம் வருவதாகத் தகவல் வந்தது. தாசில்தார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நீதான் நல்லா தமிழ் எழுதுவியாமே. அந்த பிர்க்காவோட நிலம், ஜனங்க, நிர்வாகம், மூணையும் பத்தி நாலு பக்கம் எழுதி வை. துரை முன்னாடி படிக்கணும்."

"போய்ப் பார்த்துட்டு வந்து எழுதட்டுங்களா?"

"எதுக்கு? பழைய குறிப்பு கட்டுல இருக்குது. பாத்து எழுது."

எனக்கும் நிம்மதிதான். ஏரிக்குப் போகும் வழியில் வரிசையாகத் தோல் ஷாப்புகள். ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துவார்கள். அந்தப் பக்கம் காற்றடித்தாலே நான் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ரகம். (ஷாப்பில் வேலை செய்தவர்கள் சாப்பிட்டதும் அங்கேதான், சிரித்ததும் அங்கேதான்.)

பழைய குறிப்பு, தோல் ஷாப்புகள் வருவதற்கு முன்னால் யாரோ எழுதியது. "ஏரி நீர் தெளிவானது, குடிக்க உகந்தது" என்று ஒரே வரி. எனக்கு அது போதவில்லை. தாமரை போட்டேன். ஆம்பல் போட்டேன். எழுதுகிற வேகத்தில் இரண்டு அன்னங்களையும் இறக்கிவிட்டேன். மக்கள் குறை என்பதையே அறியாதவர்கள், கர்ணமும் மணியக்காரரும் தருமத்தின் இரு கண்கள் என்றும் எழுதி முடித்து, நானே இரண்டு தடவை படித்து உருகினேன்.

முகாம் அன்று ஏரிக்கரையில் பந்தல். துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துப்பாக்கி, பறவை சுடுவதில் அவருக்குப் பிரியம் ஜாஸ்தியாம். நான் ராகம் போட்டுப் படித்தேன். அவருக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. துரதிருஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

"அன்னம் எங்கே?" என்றார், துப்பாக்கியை எடுத்தபடி.

"இந்த மாதம் வெளியூர் போயிருக்கின்றன, துரை" என்றேன்.

துரை சிரித்துவிட்டார். கூட்டம் சிரிக்கவில்லை. அப்போதுதான் ஏரியை முதல் முறையாகப் பார்த்தேன். கரையோரத் தண்ணீர் வெந்நீரில் தேயிலை போட்ட மாதிரி சிவந்து கிடந்தது. தாமரை மருந்துக்கும் இல்லை.

கூட்டத்திலிருந்து ஒருத்தி மனுவோடு முன்னால் வந்தாள். பெயர் முனியம்மா. முப்பது வயது இருக்கும். அவள் புருஷனுக்கு ஷாப்பில்தான் வேலை.

"சாமி, ஷாப்ப மூடச் சொல்லல. அதுலதான் கஞ்சி குடிக்கிறோம். ஷாப்புக் கழிவுத் தண்ணி ஏரில எறங்காம கால்வாய வேற பக்கம் திருப்பி வுடச் சொல்லுங்க. கெணத்துத் தண்ணியும் கெட்டுப்போச்சு. கொயந்தைங்களுக்கு வவுத்தால போவுது. ஒரே பேஜாரா கீது."

துரை என்னைப் பார்த்தார். "நீர் குடிக்க உகந்தது என்று படித்தீர்கள். எது உண்மை?"

'நான் இங்கே வந்ததே இல்லை, துரை' என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அதிகம் போனால் வேலை போயிருக்கும். நானோ என் நாலு பக்கத்தைக் காப்பாற்றப் பார்த்தேன்.

"உகந்ததுதான், துரை. இவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள்."

முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப குடிச்சிக் காட்டுங்க சாமி. எங்க சொம்புல குடிக்கமாட்டீங்க, தெரியும். ஏரில கைய வெச்சே குடிங்க."

குடித்தேன். இரண்டு கையாலும் அள்ளி, துரை பார்க்க, தாசில்தார் பார்க்க, ஏழு கிராமமும் பார்க்கக் குடித்தேன். சுண்ணாம்பும் துவர்ப்பும் உப்பும் நாக்கைப் பிடித்து இழுத்தன. முகம் மாறாமல், "தேன் மாதிரி இருக்கிறது" என்று வேறு சொன்னேன். (என் வாழ்க்கையில் நான் நடித்த ஒரே நாடகம். அமோக வெற்றி.)

துரை தலையாட்டினார். தாசில்தார் மனுவின் ஓரத்தில் எழுதினார்: "சர்க்கார் குமாஸ்தா நேரில் பருகிக் காட்டினார். நீரில் குற்றமில்லை. தள்ளுபடி." சாட்சியாக என்னிடமே கையெழுத்து வாங்கினார்.

பந்தலுக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது. அதுவரைக்கும்தான் என்னால் போக முடிந்தது. அப்புறம் ஒன்பது நாள் வீட்டில் சுருண்டு கிடந்தேன். கல்யாணமாகி இரண்டே மாதமான என் மனைவி, எனக்குக் கஞ்சி வைத்தே சமையல் பழகினாள்.

ஆறு வருஷம் கழித்து நானே அந்த பிர்க்காவுக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டராகப் போனேன். முனியம்மா அதே மனுவோடு வந்தாள். குடிதண்ணீருக்கு மூன்று மைல் நடக்கிறோம் என்றாள். நடந்து பார்த்தேன். மூன்று மைலுக்கு மேலேயே இருந்தது. இந்தத் தடவை தாமரை இல்லாமல், அன்னம் இல்லாமல், கண்டதை மட்டும் எழுதி மேலே அனுப்பினேன். ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. "இவ்விஷயம் முன்பே பரிசோதித்துத் தீர்மானிக்கப்பட்டது." அத்தாட்சியாகப் பழைய மனுவின் நகலை வைத்திருந்தார்கள். கீழே என் கையெழுத்து, அழகாக, சுழி சுழியாக.

மறுபடி எழுதினேன். மறுபடி அதே நகல் வந்தது. இப்படி நாலு தடவை.

இதை முனியம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சர்க்கார் வழக்கம் அப்படி என்று ஏதோ உளறினேன். அவள் கத்தவில்லை, திட்டவும் இல்லை.

"அன்னிக்கி மரத்துக்குப் பின்னால வாந்தி எடுத்தீங்களே, நான் பாத்துனுதான் இருந்தேன். குடிச்சத எழுதினாங்க. அத ஏன் சாமி ஒருத்தரும் எழுதல?" என்றாள்.

வீட்டில் இன்றைக்கும் விருந்தாளி வந்தால் என் மனைவி இந்தக் கதையை எடுத்துவிடுவாள். காபி நன்றாக இல்லையென்று நான் முகம் சுளித்தால், "ஏரியையே தேன்னு குடிச்சவருக்கு இது எறங்காதா?" என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் எப்போதும் கஞ்சியோடு கதையை முடித்துவிடுவாள்; அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. முனியம்மா கேட்டதை நான் வீட்டில் சொன்னதே இல்லை.