மூன்று கட்டும் ஒரு சட்டகமும்

முதல் தாளைப் படித்ததுமே கட்டுரை வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

'எங்கள் ஆசிரியர்' என்று தலைப்புக் கொடுத்ததே தலைமையாசிரியைதான். கடைசி மணிக்குள் ஒன்பதாம் வகுப்பின் கட்டுரைகள் அவர் மேஜைக்குப் போக வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் இந்தத் தற்காலிக வாத்தியாரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பாராம். மனைவிக்கு அடுத்த தெருவிலேயே வேலை கிடைத்து, வீடு மாறி வந்து, பெட்டிகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

தாளில் இருந்தது: 'பரீட்சை ஹாலில் எங்கள் ஆசிரியர் குறட்டை விட்டார். பாவம் என்று நாங்கள் எழுப்பவில்லை.'

"அடப்பாவிகளா! இதையா எழுதுவீங்க?"

"நிகழ்ச்சிக் கட்டுரைன்னா நடந்ததை நடந்தபடி சொல்லணும்னீங்களே சார்?" என்றாள் முதல் பெஞ்சில் இருந்த ஆபீஸ் கிளார்க்கின் மகள்.

அவள் தலைக்குப் பின்னால் சுவரில் அவரே ஒட்டிய அட்டை: 'கட்டுரைக்குச் சட்டகம் போடாமல் பேனாவைத் தொடாதே. முடிவைத் தெரிந்துகொண்டு ஆரம்பி.'

"நடந்தது வேண்டாம்மா. வர்ணனைக் கட்டுரை எழுதுங்க. கண்ணுக்குத் தெரியறதை மட்டும்."

ஓவியப் பீரியடைக் கெஞ்சி வாங்கி எழுத வைத்தார். புருவத்தில் சாக்பீஸ் தூள், மாற்றிப் போட்ட பட்டன், காலுக்கு ஒரு நிறத்தில் சாக்ஸ். விலையைக் குறைக்க வந்தவன்கூடத் துணியில் இத்தனை ஓட்டை கண்டுபிடிக்க மாட்டான். வாத்தியார் குனிந்து பார்த்தார். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம்.

"விவாதக் கட்டுரை! ரெண்டு பக்கமும் எடை போடுங்க. நல்லதும் கொஞ்சம் வரும்ல?"

விளையாட்டுப் பீரியடும் போயிற்று. நல்லதும் வந்தது. எதிராக ஏழு பாயிண்ட். ஆதரவாக ஒன்று: 'அடிக்க மாட்டார்.'

"ஏம்மா, தராசுல ஒரு தட்டு தரையை இடிக்குதே!"

அவள் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. பியூன் உள்ளே வந்து மூன்று கட்டுத் தாள்களையும் வாரி அணைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரு கட்டு போதும்ணே!"

"ஒரு துண்டுச் சீட்டு விடாம கொண்டாரச் சொன்னாங்க, சார்."

தலைமையாசிரியை அரைமணி நேரம் படித்தார். வாத்தியார் நீலக் காலைக் கறுப்புக் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார்.

"நூறு மைல் தள்ளிப் புதுக் கிளை திறக்கறோம். கெட்டிக்காரரா ஒருத்தரை அனுப்பணும். உங்களைத்தான் நெனச்சிருந்தேன்."

"நூறு மைலா? மேடம்..."

"பேசாதீங்க. பிள்ளைங்க எழுத்து முத்து முத்தா இருக்கு, அதனால வேலை நிரந்தரம். ஆனா இந்த லட்சணத்துல உங்களை வெளியூருக்கு அனுப்பி என் மானத்தை வாங்கிக்க முடியாது. இங்கேயே கிடங்க!"

போன உயிர் திரும்பி வர, வராந்தாவுக்கு வந்தார். கிளார்க்கின் மகள் காத்திருந்தாள்.

"நீங்க என் மானத்தை வாங்கினதுல நான் தப்பிச்சேன். என் நல்ல நேரம்மா!"

"நல்ல நேரமா? புதுக் கிளைக்கு உங்க பேரை அப்பா டைப் அடிச்ச அன்னைக்கே சட்டகம் போட்டாச்சு சார். முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"