கை சுத்தமான கோல்கீப்பர்

மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். விவரம் தெரியாதவர்கள். நெருப்பு சுடும்; சக்கரம் பஞ்சராகும். இரண்டு பேருக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டு, இருவரிடமும் நன்றியும் தரகும் ஒருங்கே வாங்கிக்கொள்ளும் மனிதனைக் கண்டுபிடித்ததுதான் நாகரிகத்தின் உச்சம். கால்பந்து உலகில் அவனுக்கு ஏஜெண்ட் என்று பெயர். நம் நாயகர் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். அவர் கணக்கில், ஒரே ஒருவர்.

அவரைப் புரோக்கர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிவிடும். விசிட்டிங் கார்டில் "விளையாட்டு வீரர் எதிர்கால நல ஆலோசகர்" என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார். டயர் கடைக்கு மேலே அலுவலகம். அதன் நாலு பக்கமும் அவர் பெரிய பெரிய ஆட்டக்காரர்களோடு நிற்கும் படங்கள். எந்தப் படத்திலும் ஆட்டக்காரர் இவரைப் பார்க்கவில்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அது அவர்களுடைய தன்னடக்கம்.

இத்தனை பெரியவரிடம் இருந்த ஆட்டக்காரர்கள் மொத்தம் ஒருவர். அதுவும் மனைவியின் தம்பி. கோல்கீப்பர். அவனுக்குச் "சுவர்" என்று பட்டப்பெயர் வைத்ததே ஏஜெண்ட்தான். நிறுத்திய இடத்தில் நிற்பான், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க மாட்டான்.

சுவரின் சாதனை லேசுப்பட்டதல்ல. எட்டு வருஷம், நாலு கிளப், ஒரு கோல்கூட வாங்கியதில்லை. எந்த எதிரணியின் பந்தும் அவனைத் தாண்டிப் போனதில்லை. ஏனென்றால் அவன் ஒரு மேட்சில்கூட இறங்கியதில்லை. போன இடமெல்லாம் மூன்றாவது கோல்கீப்பர். பெஞ்சில் கடைசி ஆள், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில். வேறு யாராக இருந்தாலும் இதை ஒரு குறையாக நினைத்திருப்பார்கள். ஏஜெண்டுக்கு அதுதான் சரக்கு. கிளப் கிளப்பாக ஏறி இறங்கி, "ஆளு கை சுத்தம் சார்" என்பார். அதில் பொய் ஒன்றுமில்லை. பந்து பட்டால்தானே கை அழுக்காகும்? ஒவ்வொரு முறை அவன் கிளப் மாறும்போதும் ஏஜெண்டுக்கு ஒரு கமிஷன். அதனால் அவன் ஓரிடத்தில் நிலைத்துவிடாமலும் பார்த்துக்கொண்டார்.

மைத்துனனுக்கு அவர் விதித்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். முதல் கிளப்புக்குப் போன அன்று வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

"மாப்ளே, வீட்ல என்னை எப்படி வேணா கூப்பிட்டுக்கோ. வெளியில மட்டும் சார்."

"ஏன் மாமா?"

"அந்த வார்த்தைதான் வேணாங்கிறேன். உறவுல அது மரியாதை. தொழில்ல அதுக்கு வேற அர்த்தம். கேக்கிறவன் சிரிப்பான்."

"சரி மாமா."

"சார்!"

"சரி சார்."

அதன் பிறகு தப்பித் தவறிக்கூட அந்தச் சொல் வெளியிடத்தில் அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

சிக்கல் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, சுவரின் மகள் எழுந்து நின்று, "எங்கப்பா உட்கார்றாரு" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்காமல், "அரசாங்க உத்தியோகமாம்மா?" என்று பரிவோடு கேட்டாராம்.

அன்று அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சுவருக்கு வாய் முளைத்தது.

"மாமா, எனக்கு முப்பத்திநாலு ஆகுது. இன்னும் ரெண்டு வருஷம் போனா முட்டி ஒத்துழைக்காது. ஒரே ஒரு மேட்ச். என் பொண்ணு பாக்கணும். அதுக்கப்புறம் எங்க வேணா உட்காந்துக்கறேன்."

"கோல் விழுந்தா?"

"விழட்டுமே. கோல்கீப்பர்னா விழத்தான் செய்யும்."

ஏஜெண்டுக்குப் புரை ஏறியது. தலையில் தானே தட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

"பெட்டி பிரிக்காத டிவிக்கும் பிரிச்ச டிவிக்கும் ஒரே விலையா மாப்ளே? நீ பெட்டி பிரிக்காத சரக்கு. உன்னைப் பிரிச்சு, கரண்ட்ல மாட்டி, படம் வரலைன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடுத்த கிளப்புக்குப் போவேன்?"

"என் தம்பி ஒண்ணும் டிவி இல்ல" என்றாள் ஏஜெண்டின் மனைவி. கையிலிருந்த கரண்டி சத்தத்தோடு மேசைக்கு வந்தது. "எந்தக் கோச்சும் ஏன் அவனை இறக்கவே மாட்டேங்கிறான்? அந்த ஒப்பந்தத்துல அப்படி என்னதான் எழுதி வெச்சிருக்கீங்க?"

"எல்லாம் அவன் பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் எழுந்து போய்க் கையைக் கழுவினார். கை கழுவுவதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

அடுத்த வாரம் ஐந்தாவது கிளப்பில் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை. ஏஜெண்டுக்குப் பக்கத்தில் சுவரும் உட்கார்ந்திருந்தான். அந்த அறையில் ஓர் அலமாரி, அலமாரியில் ஒரே ஒரு வெற்றிக் கோப்பை, அந்தக் கோப்பைக்குள் கிளப் செயலாளரின் பேனாக்கள். ஏஜெண்ட் ஃபோனைக் காதில் வைத்து, "கொஞ்சம் பொறுங்க, நான் இன்னொரு கிளப்லதான் இருக்கேன்" என்று உரக்கச் சொன்னார். செயலாளரும் தன் ஃபோனை எடுத்து, "இன்னொரு கீப்பர் லைன்ல இருக்காரா? காத்திருக்கச் சொல்லு" என்றார். உயிரில்லாத இரண்டு ஃபோன்கள் சற்று நேரம் ஒன்றோடொன்று பேரம் பேசின. பிறகு இரு தரப்பும் "பரஸ்பர நல்லெண்ண அடிப்படையில்" ஒரு தொகைக்கு வந்தன.

அந்த நேரம் பார்த்துக் கோச் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நம்ம கீப்பருக்கு விரல் ஒடிஞ்சிருச்சு. ரெண்டாவது ஆளை நேத்துதான் வித்துத் தொலைச்சீங்க. சனிக்கிழமை கோல் போஸ்ட்ல யாரு நிக்கிறது? நீங்களா?" அப்போதுதான் சுவரைப் பார்த்தார். "இவரு யாரு?"

"புது கீப்பர். இதுவரைக்கும் ஒரு கோல்கூட வாங்கினதில்ல" என்றார் செயலாளர்.

"அப்ப சனிக்கிழமை இவருதான்!"

சுவர் பாதி எழுந்தேவிட்டான். ஏஜெண்ட் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"அவசரப்படாதீங்க. பிரிவு பதினேழை ஒருதரம் படிச்சிருங்க."

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "மேற்படி வீரர் எந்தவொரு ஆட்டத்திலும் களமிறக்கப்படும் பட்சத்தில், அத்தகைய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவரது ஓராண்டு ஊதியத்துக்கு நிகரான தொகையைச் செலுத்தக் கிளப் கடமைப்பட்டுள்ளது." கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் காசுக்கு நாங்க ஸ்டேடியத்துக்குக் கூரையே போட்டுருவோம். இவரு உட்காரட்டும்."

"அப்ப டிஃபென்டர் ஒருத்தனுக்குக் கையுறை மாட்டி விடுறேன். வேற வழி?" என்றார் கோச்.

சுவர் ஏஜெண்டைத் திரும்பிப் பார்த்தான்.

"பழைய ஒப்பந்தங்கள்லயும் இது இருந்துச்சா சார்?"

"உன் மதிப்பை உயர்த்தறதுக்காக…"

"நாலுலயும்?"

ஏஜெண்ட் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார்.

தன் ஆட்டத்தில்தான் ஏதோ குறை என்று இத்தனை காலம் நம்பியவன் சுவர். மற்றவர்கள் குளித்துக் கிளம்பிய பிறகும் தனியாக நின்று, பந்தைச் சுவரில் உதைத்து உதைத்துப் பிடித்துப் பழகியவன். எழுந்து போய், வெற்றிக் கோப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தான். பதினேழாம் பிரிவின் குறுக்கே கோடு போட்டான்.

"இப்ப எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

கிளப் வரலாற்றிலேயே இல்லாத சுறுசுறுப்போடு செயலாளர் இடத்தைக் காட்டினார்.

"மாப்ளே! பெட்டி…"

"பிரிச்சாச்சு சார்."

சனிக்கிழமை மழை. ஏஜெண்ட், தன் மனைவிக்கும் சுவரின் மகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் கோல் சுவரின் கால்களுக்கு நடுவில் போயிற்று. இரண்டாவது தலைக்கு மேல். மூன்றாவதை அவனே தட்டி உள்ளே விட்டான். நாலாவது எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஏஜெண்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருஷமாகக் கண்ணுக்குக் கண்ணாகப் பொத்தி வளர்த்த பூஜ்யம் அவர் கண் முன்னாலேயே நாலாகிவிட்டது.

கடைசியில் எதிரணிக்கு ஒரு பெனால்டி. உதைக்க வந்தவன் இடது மூலைக்கு வேகமாக அடித்தான். சுவர் பாய்ந்தான். பந்து அவன் விரல் நுனியில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போயிற்று. அவன் சேற்றில் முகம் குப்புற விழுந்து, எழுந்து நின்றான்.

சுவரின் மகள் நாற்காலி மேல் ஏறி நின்றாள். "எங்கப்பா எந்திரிச்சிட்டாரு!" என்று அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அவள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலுக்குப் பூஜ்யம். ஜெயித்தவர்கள் வரிசையாகப் பேட்டி கொடுத்தார்கள். தோற்றவன் பக்கம் ஒரே ஒரு நிருபர் வந்தார். அவருக்கு முன்னால் ஏஜெண்ட் ஓடி வந்துவிட்டார். கைக்குட்டையால் சுவரின் சட்டைச் சேற்றைத் துடைத்துக்கொண்டே காதோரம் சொன்னார்.

"மாப்ளே, உன் வாழ்க்கையில வந்தது ஒரே பெனால்டி. அதையும் தடுத்துட்ட. நூத்துக்கு நூறு! உலகத்துல எவன்கிட்டயும் இந்தக் கணக்கு இல்ல. இனிமே இறங்கவே இறங்காத. அப்படியே பெட்டியில போட்டு ஒட்டிருவோம்."

சுவர் அந்தக் கைக்குட்டையை மெல்ல விலக்கினான்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று சுவரிடம் சொன்னார் நிருபர், நோட்டைப் பிரித்துக்கொண்டு. "இவரு உங்களுக்கு யாருங்க?"

ஏஜெண்டின் கை தங்க எழுத்து கார்டைத் தேடிச் சட்டைப் பைக்குப் போயிற்று. அது வெளியே வருவதற்குள் சுவர் பதில் சொல்லிவிட்டான்.

"மாமா."

நிருபர் எழுதப்போய் நிறுத்தினார்.

"உறவுலயா, தொழில்லயா?"

"ரெண்டுலயும்தாங்க."