டேப்புக்காரர் பாடிய ஓர் அடி

ஒரகடம் கூட்ரோடு டேப்புக்காரரைப் போல அடம்பிடித்த ஆளை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தண்ணீரில் கிடக்கிற எருமையையாவது தட்டி எழுப்பலாம். அவர் ஒன்று சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

வெறும் கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருகிற கடை அவருடையது. வாசலில் ஒரு கரும்பலகை. அந்த வாரம் எந்தப் பாட்டை அதிகம் பேர் கேட்டார்களோ, அதை மேலே எழுதி, மற்றதை வரிசையாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதுவார். கம்பெனிக்குப் போகிறவர்கள் பேப்பரை விட்டாலும் அந்தப் பலகையை விடமாட்டார்கள். சொந்த மச்சான் கெஞ்சியும் ஒரு பாட்டை ஓர் இடம் ஏற்றியதில்லை.

தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் சைக்கிளில் போனவர், நான் நடவில் பாடியதைக் கேட்டு நின்றுவிட்டார். என் குரல் அப்படி. நேரே டீக்கடைக்குப் போய், நாட்டுப்பாட்டும் பலகையில் முதலில் வரும் என்று சொல்லியிருக்கிறார். சினிமாப் பாட்டு இருக்கும்போது சேற்றுப் பாட்டை எவன் கேட்பான் என்று எல்லாரும் சிரித்தார்கள். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது.

கடைக்குள் கம்பளியைத் தொங்கவிட்டு, மைக் எதிரில் என்னை நிறுத்தினார். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"குனிஞ்சி நட்டாத்தாம்பா எனக்குப் பாட்டு வரும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் பம்புசெட்டிலிருந்து வயர் இழுத்து, வரப்பில் கழி நட்டு மைக்கைக் கட்டிவிட்டார். நாங்கள் நட்டுக்கொண்டே பாட, அவர் முழங்கால் சேற்றில் டேப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். நடுவில், விவரம் தெரியாத வயல்காரர் வந்து, "இன்னாடி நடறீங்க, நெருக்கி நடுங்கடி" என்று கத்தியதும் சேர்த்தே பதிவாகிவிட்டது.

கேசட் பறந்தது. ஆனால் வந்தவர்கள் எல்லாம் கேட்டது வயல்காரர் திட்டை. டேப்புக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. உடனே ஒரு சட்டம் போட்டார்.

"திட்டுக்கு வந்தா கணக்குல வராது. பாட்டுல ஒரு அடி பாடு, எழுதிக்கிறேன்."

பிறகென்ன, கடை வாசலில் கச்சேரிதான். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து கண்டக்டர் பாடினார். மணிமங்கலத்திலிருந்து தவில்காரர் வந்து தலையை ஆட்டி ஆட்டிப் பாடினார்.

ஞாயிறு காலை சினிமாப் பாட்டும் எங்கள் பாட்டும் சரிசமம். சமமானால் போன வாரம் மேலே இருந்ததுதான் மேலே இருக்கும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். டீக்கடையே வந்து வேடிக்கை பார்த்தது.

"நான் கேக்கறேன், எழுதுப்பா" என்றேன்.

"பாடனவங்களுக்கு ஓட்டு இல்லக்கா."

கொஞ்ச நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கடையை விட்டு இறங்கி வந்து, கேட்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்று, தொண்டையைச் செருமினார். "மேகங் கறுத்திருக்கு, மேட்டு வயல் காத்திருக்கு" என்று எடுத்தார். தவளைக் குரல். பாதியில் மேலே போக வேண்டியது சறுக்கிக் கீழே இறங்கிவிட்டது.

சிரித்தவர்களே, "பரவால்ல, மொதல்ல போடுய்யா" என்றார்கள்.

"மெட்டு தப்பிட்சி. செல்லாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், என் பாட்டை இரண்டாவதாக எழுதினார்.

அடுத்த நடவில் அந்த அடி வந்தபோது, அவர் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். கூட நட்ட பெண்கள் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு, அவர்களும் இறங்கினார்கள். எங்கள் ஊரில் இன்றைக்கும் அந்தப் பாட்டுக்கு அதுதான் மெட்டு.