உட்கார வைத்த பாட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் போலீஸுக்குப் பயப்படாதவன் உண்டு. கடலுக்குப் பயப்படாதவன் உண்டு. பெண்டாட்டிக்குப் பயப்படாதவன்கூட ஒருத்தன் இருந்தான், இப்போது துபாயில் இருக்கிறான். ‘யாருக்கெதிரா’ அண்ணனுக்குப் பயப்படாதவன் மட்டும் இந்தப் பஜாரில் இன்னும் பிறக்கவில்லை.

இதையும் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். அந்த ஒரே தைரியத்தில் எழுதுகிறேன். இதை வாசிக்கிற எவனாவது இங்கே வந்து அவருக்குப் படித்துக் காட்டினால், அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் சரக்கு ஏற்றுகிற என் பெட்டி ஆட்டோவைக் கவிழ்ப்பேன்.

எழுத வைத்தது கோபம். சமீபத்தில் ஒரு கூட்டத்தில் கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் பேசினான். அரசியல் உள்ளவன் காதில் கலகம் இல்லாத சங்கீதம் ஏறாதாம். ஏறினால் அவன் அரசியல் போலியாம். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு எழுந்து போய் அவன் மைக்கைப் பிடுங்கலாம் போல இருந்தது. அவன் எங்களோடு அன்றைக்குப் படகில் வந்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டான்.

அண்ணன் எங்கள் சங்கச் செயலாளர். பஜாரில் மூட்டை தூக்குகிறவர்களும் என்னைப் போல் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவர்களும் சேர்ந்த சங்கம். ஆள் ஒல்லி. வெறும் சாக்கை உதறிச் சுவரில் மாட்டிய மாதிரி இருப்பார். குரல் மட்டும் லாரி ஹாரன். அவர் அரிசிக் கிட்டங்கி வாசலில் வந்து நின்றால் உள்ளே முதலாளிகள் உட்கார நாற்காலி தேடுவார்கள். அதெல்லாம் எங்களுக்கு நல்லதுதான். வினை அவர் காதில் இருந்தது.

எங்கே எந்தப் பாட்டு ஒலித்தாலும் நின்றுவிடுவார். முழுப் பாட்டையும் கேட்பார். பிறகு புருவத்தைத் தூக்கி ஒரே கேள்வி: “இந்தப் பாட்டு யாருக்கு எதிரா?” பதில் சொல்ல முடியவில்லையென்றால் பாட்டை நிறுத்த வேண்டும். பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம்.

படகு ஜெட்டி பக்கத்துச் சாயாக்கடையில் ஒரு நாள் ரேடியோவில் மழைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஆலப்புழையிலிருந்து புதிதாக வந்தவர், பாவம். அண்ணன் கேள்வியைப் போட்டதும் அவர் ஆற்றிக்கொண்டிருந்த சாயா பாதி தரையில் விழுந்தது.

“அது மழையைப் பத்தின பாட்டாணு சேட்டா.”

“மழை யாருக்கு எதிரா?”

கடைக்காரர் தெருவைப் பார்த்தார். எதிர் முற்றத்தில் ஒரு மொத்த வியாபாரி மிளகு காயப் போட்டிருந்தார். “மொளகு காயப் போட்டவனுக்கு” என்றார்.

அண்ணன் முற்றம்வரை போய் மிளகைப் பார்த்துவிட்டு வந்தார். “சரி, பாடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் அன்றிலிருந்து ரேடியோவில் செய்தி மட்டும் வைக்கிறார்.

என் கல்யாணத்தையும் அவர் விடவில்லை. கலூரில் ஒரு மண்டபம். என் மச்சான் ஆசைப்பட்டு இடப்பள்ளியிலிருந்து ஒரு கஸல் பாடகரைக் கூட்டி வந்திருந்தான். அவர் கண்ணை மூடி, காதலியைப் பிரிந்து வாடுகிறதைப் பாடினார். மண்டபமே உருகியது. நான் மட்டும் முன்வரிசையைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தேன். நினைத்தபடியே பாட்டு முடிந்ததும் அண்ணன் எழுந்தார். கேள்வி வந்தது. பாடகர் என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், கடைசியில் ஆர்மோனியத்தைப் பார்த்துக்கொண்டே, காதலர்களைப் பிரித்து வைத்த மாமனாருக்கு எதிராக என்று சொல்லிவிட்டார். அண்ணன் கை தட்டினார். சங்கம் முழுக்கக் கை தட்டியது. ஒருத்தன் “மாமனார் ஆதிக்கம் ஒழிக” என்று கோஷமே போட்டான். பாலக்காட்டிலிருந்து வந்திருந்த என் மாமனார் பிரியாணியைத் தொடாமல் எழுந்து போனார். இன்றுவரை என் வீட்டில் அவர் தண்ணீருக்கு மேல் எதுவும் வாங்கிக் குடித்ததில்லை.

பிறகு செல்போன் வந்து எங்கள் வாழ்க்கையை இன்னும் கெடுத்தது. என் போனில் புல்லாங்குழல் வைத்திருந்தேன். அண்ணன் ரிங்டோன் பரிசோதிக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றே அழித்துவிட்டு ஆபத்துச் சங்கு வைத்தேன். யார் கூப்பிட்டாலும் என் மனைவி ரஹ்மத் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடுவாள்.

எனக்கு ஆத்திரமாக வரும். நான் ஒன்றும் கோழை இல்லை. மறியலில் லத்தியடி வாங்கிய முதுகு இது. ஆனால் நிலாவைப் பற்றி ஒருத்தன் நன்றாகப் பாடினால் எனக்கு வண்டியை ஓரம் கட்டத் தோன்றுகிறது. அதற்கு நான் என்ன செய்ய? இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கக்கூஸில் உட்கார்ந்து கேட்டேன். லத்திக்கு ஒளியாதவன் பாட்டுக்கு ஒளிந்தேன். ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் அவரிடமே கேட்டுவிட்டேன், சும்மா ஒரு இனிமைக்காகக் கேட்டால் என்ன குற்றம் என்று.

“சங்கீதம் ரெண்டே வகைடா” என்றார். “ஒண்ணு ஆளை எழுப்பும். இன்னொண்ணு ஆளை உறக்கும். உறக்குறது முதலாளி செய்யிற வேலை. நமக்கெதுக்கு?”

எழுப்புவதற்கு ஒரு பாட்டு இருந்தது. சங்கத்துப் பாட்டு. அவரே கட்டியது. சங்க ஆபீஸில் கூட்டம் முடியும்போது பாடுவோம். மெதுவாகத் தொடங்கும். “எழுவோம்” என்கிற இடம் வந்ததும் அத்தனை பேரும் ஒரே வீச்சில் எழுந்து வலது கையைத் தூக்க வேண்டும். யார் பிந்தி எழுகிறான் என்று அண்ணன் கண் தேடும். பிந்தினவனுக்கு எல்லார் முன்னாலும் அர்ச்சனை. அந்தப் பயத்தில் எங்கள் முழங்கால்கள் பழகிப்போயின. மூளையைக் கேட்காமல் தாமே எழும். ஊர்வலம் ஒன்று அந்தப் பாட்டோடு சலூனைக் கடந்தபோது, உள்ளே சவரத்துக்கு உட்கார்ந்திருந்த எங்கள் ஆள் ஒருத்தன் விருட்டென்று எழுந்துவிட்டான். மீசையில் பாதி போயிற்று. அண்ணன் அவனைப் பாராட்டிப் பேசினார்.

இனிப் படகுக்கு வருகிறேன். வர எனக்கு விருப்பமில்லை.

எறணாகுளத்தில் பெரிய பேரணி. குடும்பத்தோடு வர வேண்டும் என்பது அண்ணன் உத்தரவு. அன்று பாலத்தில் பிளாக். பஸ் நகரவில்லை என்று செய்தி வந்ததும் அண்ணன் ஒரு படகை வாடகைக்குப் பிடித்துவிட்டார். ரஹ்மத்துக்குத் தண்ணீர் என்றால் உயிர் போய்விடும். பாலக்காட்டுப் பெண், கிணற்றைத் தவிர எதையும் பார்க்காமல் வளர்ந்தவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவை படகு ஏறினதில்லை. எறணாகுளம் போக வேண்டுமானால் சுற்றிக்கொண்டு பஸ்ஸில்தான் போவாள். குடையைக் கக்கத்தில் இடுக்கி ஜெட்டியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வானத்தில் கருப்பு கட்டியிருந்தது. நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அண்ணன் வந்தார். “தங்கச்சி, பயம்ங்கிறது முதலாளியோட கையாள். ஏறு.”

அவள் ஏறினாள். தண்ணீரைவிட அவரிடம் பயம் அதிகம், அவ்வளவுதான். நானும் ஏறினேன். பெண்டாட்டியைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாதவன் வேறு எதற்கு லாயக்கு?

காயலின் நடுவில் மழை பிடித்தது. காற்று பக்கவாட்டில் அடித்தது. படகு ஓட்டுகிற ஸ்ராங்க் இரண்டு தடவை எஞ்சினை உதைத்தார், கெட்ட வார்த்தை சொன்னார், எஞ்சின் நின்றுவிட்டது. நின்றதும் ஒரு அமைதி. அந்த அமைதிதான் பயங்கரம். கப்பல் போகிற தடத்தில் நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம். இழுவைப் படகு ஒன்று தூரத்தில் கடந்தது. அதன் அலை ஒவ்வொன்றாக எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. லைஃப் ஜாக்கெட்டுகள் பின்னால் ஒரு மூலையில் இருந்தன. எந்த மடையனோ அவற்றை நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்திருந்தான். இரண்டு பேர் பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்தார்கள்.

ரஹ்மத் ஓரத்தில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தாள். அவள் நகம் என் மணிக்கட்டில் இறங்கியிருந்தது. “இருந்தாப் போதும், யாரும் அனங்கண்டா” என்று ஸ்ராங்க் கத்தினார். அசையாதீர்கள் என்று அர்த்தம். யாரும் அசையவில்லை. அப்படியே இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

அண்ணன் எங்களுக்குத் தைரியம் கொடுக்க நினைத்தார். தைரியத்துக்கு அவருக்குத் தெரிந்தது ஒரே மருந்து. சங்கத்துப் பாட்டைத் தொடங்கினார்.

முதல் இரண்டு வரி நன்றாகத்தான் இருந்தது. நாங்களும் சேர்ந்து பாடினோம். நெஞ்சுக்குள் கொஞ்சம் சூடு வந்தது. பிறகு “எழுவோம்” வந்தது.

படகு முழுக்க எழுந்தது. ஒருத்தன் பிந்தவில்லை. அத்தனை கைகளும் வானத்தில். முதுகெலும்பு பிசகி மாதக்கணக்கில் படுத்திருந்தவர்கூட எழுந்து நின்றார். நானும் நின்றேன், சத்தியமாக எனக்கே தெரியாமல். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வழிந்தது. அலறிக்கொண்டு எல்லாரும் மறுபக்கம் பாய்ந்தார்கள். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஸ்ராங்க் உட்காரச் சொல்லி அழாத குறையாகக் கத்தினார். கால்கள் மடங்கவில்லை. பயத்தில் முழங்கால் பூட்டிக்கொள்ளும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“உக்காருங்க தோழர்களே” என்று அண்ணன் தன் ஹாரன் குரலில் முழங்கினார். அந்தக் குரலைக் கேட்டதும் பாதிப் பேர் மறுபடி கையைத் தூக்கினார்கள்.

அடுத்த சாய்வில் ரஹ்மத் வழுக்கினாள். அவள் இடுப்புவரை கைப்பிடிக்கு வெளியே போய்விட்டாள். நான் அவள் கையை மட்டும்தான் பிடித்திருந்தேன். ஈரக் கை. என் மேல் ஆட்கள் சரிந்தார்கள். இன்னொரு தடவை இந்தக் கூட்டம் இந்தப் பக்கம் பாய்ந்தால் அவள் போய்விடுவாள் என்று தெரிந்தது.

அப்போது அண்ணன் உட்கார்ந்தார். படகின் நட்டநடுவில், கணுக்கால் தண்ணீரில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பாடினார்.

அது அவர் குரலே இல்லை. மெல்லிய குரல். கோஷம் போட்டுப் போட்டுக் கரடு தட்டிய தொண்டைக்குள் அதை எங்கே வைத்திருந்தாரோ.

“கடை திறக்க நேரமிருக்கு,
கண்ணை மூடு ராசாவே.
மழை விட்ட பின்னாலே
மத்த கதை பேசலாம்.”

பாதி உறக்கத்தில் விழித்த புருஷனைப் பார்த்துப் பெண்டாட்டி பாடுகிற பாட்டு. அதில் யாரும் யாருக்கும் எதிரி இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு என்பதைத் தவிர அதில் ஒரு எழவும் இல்லை.

பக்கத்தில் நின்றவன் தொப்பென்று உட்கார்ந்தான். இனிமையில் உட்கார்ந்தானா அதிர்ச்சியில் உட்கார்ந்தானா என்று நான் சொல்ல மாட்டேன். அவனைப் பார்த்து அடுத்தவன் உட்கார்ந்தான். பாட்டு இரண்டாவது தடவை வந்தபோது படகு முழுக்க உட்கார்ந்திருந்தது. யாரோ என் பின்னாலிருந்து கை நீட்டி ரஹ்மத்தின் தோளைப் பிடித்தார்கள். உள்ளே இழுத்தோம். அவள் என் மடியில் கிடந்து நடுங்கினாள். படகு மெதுவாக நிமிர்ந்தது.

அண்ணன் பாட்டை நிறுத்தினார். நிறுத்தியதும் ஒரு அலை தூக்கியது. கூட்டத்தில் ஒரு முனகல் கிளம்பியது. ரஹ்மத், அதுவரை அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள், என் மடியிலிருந்தே சொன்னாள்.

“நிறுத்தாதீங்கண்ணே.”

அவர் தொடர்ந்தார். வேறொன்று பாடினார், பிறகு இன்னொன்று. காதல் பாட்டு, மல்லிகைப் பூவைப் பற்றி ஒரு பாட்டு, அரிசிப் பத்திரியும் கோழிக்கறியும் கேட்டு ஒருத்தன் மாமியாரிடம் கெஞ்சுகிற பாட்டு. மனிதருக்கு எத்தனை தெரிந்திருந்தது. எல்லாம் அவர் நிறுத்தச் சொல்லும் ரகம். முழுப் பாட்டையும் கேட்ட பிறகே ஏன் கேள்வி கேட்பார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறியலில் மண்டை உடைந்தவர்கள், ஜெயிலுக்குப் போனவர்கள், என் சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் நனைந்த கோழிகளாக உட்கார்ந்து வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் அரசியலும் கரைந்து காயலில் போய்விடவில்லை. கூலி உயர்வுக்கு மறுமாதமே வேலைநிறுத்தம் செய்தோம், ஜெயித்தோம்.

இன்னொரு படகு வந்து கயிறு போட்டு எங்களை எறணாகுளம் ஜெட்டிக்கு இழுத்தது. படகைக் கட்டினார்கள். யாரும் இறங்கவில்லை. மாமியார் பாட்டு பாதியில் இருந்தது. இறங்குங்கடா என்று ஸ்ராங்க் திட்டினார். பொத்திக்கொண்டு இரும் என்று நான்தான் சொன்னேன். பேரணி எங்களை விட்டுவிட்டுத் தொடங்கிவிட்டது. பாட்டு முடிந்த பிறகே எழுந்தோம்.

அண்ணன் பழையபடி புருவத்தைத் தூக்கினார். இங்கே நடந்ததை எவனும் ஆபீஸில் பேசக் கூடாது என்றார். எவனும் பேசவில்லை. மறுவாரமே சலூனில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். திருந்துகிற ஜென்மமா அது.

அன்றைக்கு எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவர் உட்கார்ந்தே இருந்தார். நானும் ரஹ்மத்தும் திரும்பிப் போய் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினோம். இரண்டு காலும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. குளிர் என்றார். குளிர்தான் என்று ரஹ்மத் சொல்லி, ஆட்டம் நிற்கும்வரை தன் குடையை அவர் காலுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.