மணிவேலுக்கு மாசா மாசம் வரும் வயிற்று வலி

"வயித்து வலி யாருக்கு?" என்று நாட்டு மருந்துக் கடை ஜானி பாஷா கேட்டதும், மணிவேல் யோசிக்காமல், "எனக்குத்தான் பாய்" என்று சொல்லிவிட்டார்.

சொல்லியிருக்கக் கூடாது. வலி அவருடைய மகள் எழிலுக்கு. மாதவிடாயின் முதல் நாள். பிள்ளை சுருண்டு படுத்திருந்தாள். நாளைக் காலை வேலூரில் மூவாயிரம் மீட்டர் ஓட்டம். "பயப்பட ஒண்ணுமில்ல. அடிவயித்துல வெந்நீர்ப் பை வைங்க, சுக்குக் கஷாயம் குடுங்க, கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா போன மாதமே சொல்லியிருந்தார். வீட்டில் சுக்கு தீர்ந்துவிட்டது.

மனைவி பூங்கொடி போய்ச் சேர்ந்த இந்த இரண்டு வருடத்தில் மணிவேல் சோறு வடிக்கக் கற்றார். இரட்டைச் சடை பின்னக்கூடக் கற்றார். நாலைந்து ஆண்கள் நிற்கும் கடையில் இதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் இன்னும் வரவில்லை.

"எங்க வலிக்குது?"

மணிவேல் குத்துமதிப்பாக மேல்வயிற்றில் கை வைத்தார்.

"அது கேஸு. கடுக்காப் பொடி தரேன். ராத்திரி சாப்பிட்டா காலையில எல்லாம் கழிஞ்சிரும்."

ஓடப் போகிற பிள்ளைக்குக் கடுக்காயா? மணிவேல் பதறிப்போய்க் கையைக் கீழே இறக்கினார்.

"இங்க பாய், இங்க. சுக்கு குடுங்க, போதும்."

"அங்கன்னா கல்லு. கல்லுக்கு எதுக்கு சுக்கு? நெருஞ்சி முள்ளு தரேன்."

"கல்லு இல்ல பாய்! இடுப்பும் நோவும், தொடை இழுக்கும். பசி கம்மி, கோவம் ஜாஸ்தி. மூணாம் நாள் தானா சரியாயிடும்."

"சரியாயிடும்னு உனக்கு எப்டி தெரியும்?"

"போன மாசமும் அப்டித்தான்..."

பாஷா கண்ணாடியைக் கழற்றினார். "மாசா மாசம் வருதா?"

"ஆமா. ரெண்டு நாள் முன்ன பின்ன."

மணிவேல் டைம் கீப்பராக இருக்கும் அதே பஸ் டெப்போவின் கண்டக்டர் சக்கரபாணி, பின்னாலிருந்து பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்தார்.

"அண்ணே, எத்தினி மாசமா மறைக்கிறீங்க? வயசுப் பொண்ண வெச்சுக்கினு இப்டியா அலட்சியமா இருப்பீங்க?"

"இல்லப்பா, அது வந்து..."

"பேசாதீங்க, பேசுனா வலி ஏறிடும்!"

ஒருவர் ஆட்டோவைக் கூப்பிட்டார். இன்னொருவர் மணிவேலின் கால்களைத் தூக்கினார். அந்தரத்தில் இருக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. சக்கரபாணியே எடுத்தார்.

"எழிலா? தைரியமா இரும்மா. அப்பாவ பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கினு போறோம்."

போனிலிருந்து வந்த அலறல் கடை முழுக்கக் கேட்டது.

மணிவேல் உதறிக்கொண்டு இறங்கினார். போனைப் பிடுங்கினார். "கண்ணு, அழுவாத! அப்பா நல்லாதான் இருக்கேன்!" பிறகு கடையைப் பார்த்துத் திரும்பினார்.

"வலி எனக்கு இல்லய்யா. என் பொண்ணுக்கு. பீரியட்ஸ் வலி. இந்த வலியோடவே ஓடி ஜில்லாவுல மொதலா வந்தவ அவ! நாளைக்கு வேலூர்ல ஓடப் போறா. இப்ப சுக்கு குடுக்குறீங்களா, இல்லியா?"

ஒரு செருப்பு தெருவில் கிடந்தது. சட்டைப் பொத்தான் இரண்டு போயிருந்தன. ஆனால் பூங்கொடி பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

போனில் எழில் மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள். "அப்பா, எல்லார் முன்னாடியுமா சொன்ன?"

"ஆமா கண்ணு."

"சூப்பர்ப்பா. அப்டியே பனவெல்லமும் வாங்கினு வா."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சக்கரபாணி, திடீரென்று ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்ததுபோல், வாசலை நோக்கி நழுவத் தொடங்கினார்.

இவ்வளவு நேரமும் உள்ளே உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பாஷாவின் மனைவி நசீமா எழுந்து வந்தாள். சுக்கு, ஓமம், பனைவெல்லம் எல்லாம் சேர்த்துக் கட்டித் தயாராக இருந்த பொட்டலத்தை மணிவேலிடம் நீட்டினாள்.

"நீங்க தப்பான எடத்துல கை வெச்சப்பவே கட்டிட்டேண்ணா. இந்த வாரம் தனக்கு வயித்து வலின்னு வந்த ஆம்பளைங்க, சக்கரபாணி அண்ணனையும் சேத்து, ஏழு பேரு. உண்மையச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."